மேக்கப் கலைக்க எதை வாங்கலாம்? மென்மையான கிளென்சரும் மற்ற நான்கும்

‘ஜென்டில்’ என்று எழுதியிருக்கும் கிளென்சரை நம்பி வாங்கி, முதல் நாள் இரவே ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. முகத்தைக் கழுவித் துண்டால் ஒற்றினால் ஃபவுண்டேஷன் நிறம் துண்டில் ஒட்டுகிறது. கண்ணைச் சுற்றி மை கலங்கி நிற்கிறது. ‘இது ஒன்றுக்கும் உதவாது’ என்று அதை ஓரங்கட்டிவிட்டு, நுரை பொங்கும் ஃபேஸ் வாஷுக்கே திரும்பிவிடுகிறார்கள். கிளென்சர் மேல் குற்றமில்லை. மேக்கப்பைக் கலைப்பது ஒரு வேலை, முகம் கழுவுவது வேறு வேலை. சில நாள் ஒரே பொருள் இரண்டையும் செய்துவிடும். சில நாள் செய்யாது. அன்றைக்கு முகத்தில் என்ன பூசியிருக்கிறோம் என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சன்ஸ்கிரீன், காம்பாக்ட் பவுடர், சாதாரண லிப்ஸ்டிக், இவ்வளவுதான் என்றால் மென்மையான கிளென்சர் ஒன்றே போதும். ஆனால் அதை உலர்ந்த முகத்தில் தடவ வேண்டும். வாட்டர்ப்ரூஃப் காஜல், மஸ்காரா, உதட்டை விட்டு அசையாத மேட் லிப்ஸ்டிக், முழுக் கவரேஜ் ஃபவுண்டேஷன் என்று போனால், கிளென்சருக்கு முன்னால் எண்ணெய் சார்ந்த ஒன்று கட்டாயம் வேண்டும். மைசெல்லர் வாட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வைப்ஸ், அதாவது மேக்கப் துடைக்கும் ஈரத் துணி, பயணத்துக்கு மட்டும்.

தோல் எண்ணெய்ப்பசையா வறட்சியா என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வர வேண்டும். கடைகளில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால்தான் பலரிடம் தோலுக்குப் பொருந்துகிற, ஆனால் மேக்கப்பைக் கலைக்காத பாட்டில்கள் சேர்ந்துவிடுகின்றன.

முகத்தில் இருப்பது என்ன

ஃபவுண்டேஷனின் நிறம் இரும்பு ஆக்சைடுகளிலிருந்தும் டைட்டானியம் டை ஆக்சைடிலிருந்தும் வருகிறது. இவை தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. அவற்றைத் தோலோடு பிடித்து வைத்திருப்பது டைமெத்திகோன் போன்ற சிலிகான்களும் மெழுகும் எண்ணெயும். ஆக, நாம் கரைக்க வேண்டியது நிறத்தை அல்ல, அதைப் பிடித்து வைத்திருக்கும் பசையை. பசை இளகினால் நிறம் தானே வந்துவிடும்.

நீண்ட நேரம் நிற்கும் லிக்விட் லிப்ஸ்டிக்கிலும் வாட்டர்ப்ரூஃப் ஐலைனரிலும் ஐசோடோடெகேன் என்ற ஆவியாகும் திரவம் இருக்கும். பூசிய சில நிமிடங்களில் அது பறந்துபோய், சிலிகான் பிசின் மெல்லிய படலமாக இறுகிவிடும். மேட் லிப்ஸ்டிக் ‘செட்’ ஆவது இதுதான். இந்தப் படலத்தைத் தண்ணீரும் லேசான கிளென்சரும் தொடக்கூட முடியாது. பலாச்சுளை எடுக்கும்போது கையில் ஒட்டும் பாலை எடுக்க எவ்வளவு சோப்புப் போட்டாலும் நடக்காது, தேங்காய் எண்ணெய் தடவினால் உடனே வழுக்கிக்கொண்டு வரும் அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும்.

மஸ்காராவில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. ‘டியூபிங்’ வகை மஸ்காரா இமைமுடியைச் சுற்றிக் குழாய்போல் படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சற்றுப் பொறுத்து மெதுவாக இழுத்தால் சின்னச் சின்னத் துணுக்குகளாகக் கழன்று வரும். அதற்கு எண்ணெய் தேவையில்லை. வாங்கும்போதே எந்த வகை என்று பார்த்து வைத்துக்கொண்டால் இரவில் பாதி வேலை மிச்சம்.

மென்மையான கிளென்சர்

நுரைக்காத, பால்போல அல்லது லோஷன்போல இருக்கும் கிளென்சர்களையே இங்கே சொல்கிறோம். செட்டாஃபில் ஜென்டில் ஸ்கின் கிளென்சர், செராவே ஹைட்ரேட்டிங் கிளென்சர் இரண்டும் பலருக்கும் தெரிந்த உதாரணங்கள். செட்டாஃபில் 1947-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உருவானது. மேக்கப்புக்காக அல்ல, சட்டென்று எரிச்சலடையும் தோலுக்காக. பழைய கலவையில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற அழுக்குநீக்கி கொஞ்சம் இருந்தது. புதிய கலவையில் அதற்குப் பதில் இன்னும் மென்மையான சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் வந்திருக்கிறது. கிளிசரின், பாந்தெனால், நியாசினமைடும் சேர்ந்திருக்கின்றன. செராவேயில் செராமைடுகளும் ஹயலூரோனிக் அமிலமும் உண்டு.

புட்டியில் உள்ள சேர்மானப் பட்டியலில் ‘செட்டியரில் ஆல்கஹால்’ என்று பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அது தோலை உலர்த்தும் ஸ்பிரிட் அல்ல. மெழுகுபோன்ற கொழுப்பு ஆல்கஹால். உண்மையில் மேக்கப்பை இளக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. உலர்த்தும் வகை ‘ஆல்கஹால் டினேச்சர்ட்’ என்ற பெயரில் இருக்கும்.

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் அளவில் ஏறக்குறைய 5. சோப்புக் கட்டி காரத்தன்மை உடையது, அதன் பிஎச் 9 முதல் 10 வரை. சோப்புப் போட்டுக் கழுவியதும் முகம் ‘இழுத்துப் பிடிப்பது’ சுத்தத்தின் அடையாளம் அல்ல. தோலின் சொந்தக் கொழுப்பும் சேர்ந்து போய்விட்டது என்பதற்கான அறிகுறி. மென்மையான கிளென்சர் அந்த அளவுக்கு உரிக்காது. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். தோலின் கொழுப்பை விட்டுவைக்கும் பொருள், தோல்மேல் பூசிய மெழுகையும் கொஞ்சம் விட்டுவைக்கத்தான் செய்யும்.

இதை மேக்கப் கலைக்கப் பயன்படுத்தும்போது முறை மாற வேண்டும். நாம் பழக்கத்தில் முதலில் முகத்தில் தண்ணீரை அடிப்போம். அங்கேதான் கெடுகிறது. தண்ணீர் பட்டதும் கிளென்சர் நீர்த்துவிடும். மேக்கப்பின் எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே வழிந்துபோகும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, உலர்ந்த முகத்தில் ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது சுமார் 5 மி.லி., எடுத்துத் தடவுங்கள். கழுத்துக்கும் சேர்த்து என்றால் இன்னும் கொஞ்சம். விரல் வழுக்க வேண்டும். இழுபட்டால் அளவு போதவில்லை என்று பொருள். கன்னம், நெற்றி, மூக்கு மடிப்பு, தாடை ஓரம், மயிர்க்கோடு என்று ஒரு நிமிடம் வட்டமாகச் சுற்றினால் வெள்ளையாக இருந்த கிளென்சர் தோல்நிறத்துக்கு மாறத் தொடங்கும். அந்த மாற்றம்தான் படலம் இளகியதன் சாட்சி. பிறகு ஈரமான மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, அரைத் தேக்கரண்டி கிளென்சரால் இரண்டாவது முறை, இந்தத் தடவை ஈர முகத்தில், கழுவ வேண்டும்.

செட்டாஃபில் போன்றவற்றைத் தண்ணீரே இல்லாமல் தடவித் துணியால் துடைத்துவிடலாம் என்று புட்டியிலேயே எழுதியிருப்பார்கள். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு, தண்ணீர் பட்டாலே எரியும் தோலுக்கு, அது வரம். மேக்கப் போட்ட முகத்துக்கு அது சரிவராது. துடைத்தபின் தங்கும் மெல்லிய படலத்தில் கலைந்த நிறமும் சேர்ந்தே தங்கிவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் போகாதவை இரண்டு: இமை ஓரத்து வாட்டர்ப்ரூஃப் மை, செட் ஆன மேட் லிப்ஸ்டிக். அவற்றுக்காகக் கிளென்சரை மூன்றாம் தடவை, நான்காம் தடவை தேய்ப்பது வீண். தோல்தான் சிவக்கும்.

சாலிசிலிக் அமிலம் கலந்த, வேப்பிலை கலந்த, ‘ஆயில் கன்ட்ரோல்’ என்று சொல்லும் நுரை ஃபேஸ் வாஷ்கள் இந்த வகையில் சேராது. நுரை அதிகம் வருவதால் மேக்கப் அதிகம் போகும் என்பதும் இல்லை. வாட்டர்ப்ரூஃப் படலத்தின் முன்னால் அதுவும் தோற்கும். கூடவே தோலையும் வறட்டிவிடும். நட்டம் இரண்டு பக்கமும்.

மைசெல்லர் வாட்டர்

பார்க்கத் தண்ணீர். உள்ளே மிகக் குறைந்த அளவில் மென்மையான அழுக்குநீக்கிப் பொருள். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். தண்ணீரில் இவை எண்ணெய் விரும்பும் வால்களை உள்ளே வைத்துச் சின்ன உருண்டைகளாகக் கூடிக்கொள்ளும். அந்த உருண்டைதான் மைசெல். பஞ்சில் ஊற்றி முகத்தில் வைத்ததும் மேக்கப்பின் எண்ணெய் உருண்டைக்குள் இழுக்கப்படுகிறது. ஃபிரான்சின் பயோடெர்மா இந்த வகையை 1995-இல் கொண்டுவந்தது. இன்று கார்னியர் முதல் சிம்பிள் வரை எல்லாரிடமும் உண்டு.

லேசான, நடுத்தர மேக்கப்பை இது கிளென்சரைவிட வேகமாகக் கலைக்கும். தண்ணீர்க் குழாய் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும். ஒரு காட்டன் பேடுக்கு 3 மி.லி. வரை ஊற்றுங்கள், சொட்டக் கூடாது, ஆனால் அழுத்தினால் ஈரம் வெளியே வர வேண்டும். முகத்துக்கு இரண்டு, கண்ணுக்கு ஒன்று என்று மூன்று பேடாவது வேண்டும். அழுக்கான பேடையே திருப்பித் திருப்பித் தேய்த்தால் நெற்றியிலிருந்த மேக்கப் கன்னத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

கண்ணில் இதைப் பயன்படுத்துவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. கண்ணை மூடி, நனைந்த பேடை இமைமேல் வைத்து, தேய்க்காமல் 15 விநாடி அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பிறகு இமைமுடியின் திசையில், மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பு. பேடை மடித்துப் பார்த்தால் முடி வரிசையின் அச்சு கறுப்பாகப் பதிந்திருக்கும். சுத்தமான பக்கத்தைத் திருப்பி மறுபடி ஒருமுறை. கீழிமை ஓரத்துக்கு, பேடை நான்காக மடித்தால் கிடைக்கும் முனையோ நனைத்த காட்டன் பட்ஸோ போதும். இமையின் உள்விளிம்பில், ஈரப் பகுதியில், தீட்டிய மையை உள்ளே விட்டுத் துடைக்க வேண்டாம். வெளியே வருவதை மட்டும் எடுங்கள். காலையில் கண்ணின் ஓரத்தில் ஒதுங்குவதை ஈரப் பஞ்சால் எடுத்துவிடலாம்.

மைசெல்லரில் உள்ள ஆபத்து தண்ணீரில் இல்லை, பஞ்சில் இருக்கிறது. மாநிறமும் கறுப்புமான நம் தோலில் தொடர்ந்த உராய்வு கருமையாக மாறும். ஏற்கெனவே மங்கு இருப்பவர்களுக்கும், பரு வந்துபோன இடம் கறுத்து நிற்பவர்களுக்கும் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு இடத்தை நான்கு தடவைக்கு மேல் துடைக்க வேண்டியிருந்தால் அந்த மேக்கப்புக்கு மைசெல்லர் போதாது என்று எடுத்துக்கொண்டு எண்ணெய் வகைக்குப் போய்விடுவது நல்லது.

‘கழுவத் தேவையில்லை’ என்று புட்டியில் எழுதியிருந்தாலும் கழுவிவிடுங்கள். அழுக்கை இழுத்த அந்தப் பொருள் முழுதாகப் பஞ்சோடு வந்துவிடுவதில்லை. மிச்சம் ராத்திரி முழுக்கத் தோலில் இருக்கும். பலருக்கு ஒன்றும் ஆகாது. வறண்ட தோலிலோ எரிச்சல் தோலிலோ சில வாரங்களில் வாயோரம், மூக்கோரம் செதிலாகக் கிளம்பும். மைசெல்லருக்குப் பின் அரைத் தேக்கரண்டி மென்மையான கிளென்சர்: இந்த ஜோடி ஆபீஸ் போய்வருகிறவர்கள் பெரும்பாலோருக்குப் போதும்.

இதே வரிசையில் இரண்டடுக்குத் திரவம் ஒன்றும் உண்டு. மேலே எண்ணெய், கீழே தண்ணீர். குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். குலுக்காமல் ஊற்றுகிறவர்களுக்கு முதல் பாதியில் வெறும் எண்ணெயும் கடைசியில் வெறும் தண்ணீரும் கிடைக்கும். வாட்டர்ப்ரூஃப் கண் மேக்கப்புக்கு என்று மட்டும் ஒரு சின்ன புட்டி வைத்துக்கொள்ள இதைவிடச் சிறந்தது இல்லை.

கிளென்சிங் பாம், கிளென்சிங் ஆயில்

வேலையில் முதலிடம் இதற்குத்தான். பாம் கெட்டியாக இருக்கும், ஆயில் திரவமாக இருக்கும்; இரண்டும் எண்ணெய் வகைதான். ஜப்பானில் ஷூ உமுரா 1967-இல் கிளென்சிங் ஆயிலை அறிமுகப்படுத்தினார். எண்ணெயால் கலைத்து, பின் கழுவும் இரண்டு கட்ட முறை ஜப்பான், கொரியா வழியாக உலகெங்கும் போனது. இந்த எண்ணெயில் எமல்சிஃபையர், அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் பொருள், சேர்ந்திருக்கும். தண்ணீர் பட்டதும் எண்ணெய் பாலாக மாறி, மேக்கப்பையும் இழுத்துக்கொண்டு கழுவிப் போகும். வீட்டு எண்ணெய்க்கும் இதற்கும் உள்ள முழு வித்தியாசமும் இந்த ஒன்றுதான்.

கையும் முகமும் உலர்ந்திருக்க வேண்டும். இங்கே ஒரு துளி ஈரம்கூட வேலையைக் கெடுக்கும். எண்ணெய் முன்கூட்டியே பாலாகிவிட்டால் மேக்கப்பைக் கரைக்கும் சக்தி போய்விடும். பாம் என்றால் ஒரு சுண்டைக்காய் அளவு, ஆயில் என்றால் இரண்டு பம்ப். உள்ளங்கையில் இளக்கி, முதலில் கன்னம், நெற்றி. கடைசியில் கண், உதடு. கண்ணிலிருந்து தொடங்கினால் கறுப்பு முகம் முழுக்கப் பரவும். 45 விநாடி முதல் ஒரு நிமிடம் போதும். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று மசாஜ் செய்தால் கரைந்த மேக்கப்பைத் தோலிலேயே தேய்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம்.

அடுத்ததுதான் பலர் தவறவிடும் கட்டம். கழுவப் போகாதீர்கள். விரல் நுனியை மட்டும் நனைத்து முகத்தில் மறுபடி சுற்றுங்கள். எண்ணெய் வெள்ளையாகப் பால்போல் மாறும். இரண்டு மூன்று தடவை இப்படிச் சிறுகச் சிறுக ஈரம் சேர்த்தபின்தான் முழுதாகக் கழுவ வேண்டும். இதைத் தாண்டிக்கொண்டு நேராகத் தண்ணீரை ஊற்றினால் பிசுபிசுப்பு அப்படியே தங்கும். ‘பாம் போட்டால் பரு வருகிறது’ என்ற புகாரில் கணிசமான பங்கு இந்தக் கட்டத்தை விட்டதால்தான். பிறகு மென்மையான கிளென்சர். இந்த இடத்தில்தான் அது முழுதாகத் தன் வேலையைச் செய்கிறது: எஞ்சிய எண்ணெய்ப் பூச்சை எடுக்கிறது, தோலை உரிக்காமல் விடுகிறது. பாமுக்குப் பின் கடுமையான நுரை ஃபேஸ் வாஷ் போடுகிறவர்கள், பாம் தந்த மென்மையைத் தாங்களே கழுவிக் கொட்டுகிறார்கள்.

எண்ணெய் கண்ணுக்குள் போனால் பார்வை சில நிமிடம் மங்கலாக இருக்கும். எமல்சிஃபையர் இருந்தால் சீக்கிரம் தெளிந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கையைக் கழுவி லென்ஸை முதலில் எடுத்துவிட்டுத்தான் மேக்கப் கலைக்க வேண்டும். எண்ணெய் லென்ஸில் படிந்தால் அந்த லென்ஸ் அன்றோடு சரி. ஒட்டவைத்த இமைமுடி நீட்டிப்பு இருந்தால் கண்ணில் எண்ணெய் வகையே கூடாது, பசை தளர்ந்துவிடும். அவர்களுக்கு எண்ணெய் இல்லாத மைசெல்லர்தான்.

தேங்காய் எண்ணெய்

வீட்டிலேயே இருக்கிறது, காசு இல்லை, மையை நொடியில் கரைக்கிறது. எல்லாம் சரிதான். சிக்கல் கலைத்த பிறகு. இதில் எமல்சிஃபையர் கிடையாது. தண்ணீர் ஊற்றினால் முத்துமுத்தாக உருண்டு ஓடும். எண்ணெயை எடுக்கக் கடலைமாவோ சோப்போ போட்டுத் தேய்க்க வேண்டிவரும். அந்தத் தேய்ப்பில் மென்மை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பரு வரும் வாகுள்ள தோலில் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும். நெற்றியிலும் மயிர்க்கோட்டிலும் அரிப்போடு ஒரே அளவில் பொடிப்பொடியாகக் கிளம்புவது பல நேரம் பரு அல்ல. மலசேசியா என்ற பூஞ்சை. அது கொழுப்பு அமிலங்களை உண்டு வாழ்வது. தேங்காய் எண்ணெயில் பாதியளவுக்கு இருக்கும் லாரிக் அமிலமும் அதற்கு ஆகாரம்தான். பொடுகுத் தலை, வியர்க்கும் நெற்றி இருப்பவர்கள் முகம் முழுக்க இதைத் தடவாமல் இருப்பதே நல்லது.

வறண்ட தோல், பரு வராத தோல் என்றால் உதட்டுக்கும் மூடிய இமைக்கும் மட்டும் கால் தேக்கரண்டி. பஞ்சில் எடுத்து 20 விநாடி ஒற்றிப் பிடித்து, வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்து, பிறகு கிளென்சர். எண்ணெய்தான் வேண்டும், ஆனால் செலவு கூடாது என்றால் மினரல் ஆயில் அடிப்படையிலான பேபி ஆயில் தேங்காய் எண்ணெயைவிடப் பொருத்தம். அது ஹைட்ரோகார்பன், பூஞ்சைக்கு உணவாகாது, துளையையும் அவ்வளவாக அடைக்காது. வாசனை இல்லாததாகத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

வைப்ஸ்

பஸ்ஸிலோ ரயிலிலோ, தண்ணீர் கிடைக்காத படப்பிடிப்புத் தளத்திலோ கை கொடுக்கும். தினசரிக்கு வேண்டாம். ஒரே துணியில் முகம் முழுக்கத் துடைப்பதால் உராய்வு அதிகம். ஈரத் துணி கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்திகளும் வாசனையும் கழுவாமலே தோலில் தங்குகின்றன. வேறு வழியில்லாமல் பயன்படுத்தினால் வீடு வந்ததும் முகத்தைக் கழுவிவிடுங்கள்.

வாங்குமுன், வாங்கியபின்: கையில் ஒரு சோதனை

முன்கையின் உட்புறத்தில், தினமும் போடும் பொருட்களாலேயே ஒரு விரல் நீளக் கோடுகள் இழுங்கள்: காஜல், ஐலைனர், லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன், சன்ஸ்கிரீன். 20 நிமிடம் காயவிடுங்கள். நீண்ட நேரம் நிற்கும் வகைகள் இறுகுவதற்கு அந்த அவகாசம் வேண்டும். பிறகு கிளென்சரைத் தடவி, விரலின் பாரம் மட்டும் படும்படி 30 விநாடி சுற்றி, கழுவுங்கள். எந்தக் கோடு போயிற்று, எது மங்கியது, எது அசையவில்லை என்று பார்த்தால் அந்தக் கிளென்சர் உங்கள் மேக்கப்புக்கு எதுவரை வரும் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஃபவுண்டேஷன் முக்கால்வாசி போயிருக்கும், லிப்ஸ்டிக் கறையாக நிற்கும், ஐலைனர் போட்ட மாதிரியே இருக்கும். எஞ்சிய கோட்டின் மேல் பாம் அல்லது இரண்டடுக்குத் திரவத்தைத் தடவிப் பாருங்கள். சன்ஸ்கிரீனைக் கண்ணால் சொல்ல முடியாது. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் படலம் இன்னும் இருக்கிறது, பரவினால் போய்விட்டது.

முகத்தில் போட்டபின் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, கழுவித் துடைத்த முகத்தில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் தாடை ஓரத்தையும் மூக்கு மடிப்பையும் புருவத்துக்கு மேலேயும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மேக்கப் ஒளிந்துகொள்ளும் இடங்கள் இவை. பொட்டு வைத்த இடமும் அப்படித்தான். ஸ்டிக்கர் பொட்டை முதலிலேயே எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பசையை ஒரு துளி எண்ணெயால் நீக்க வேண்டும்; நகத்தால் சுரண்டக் கூடாது. அந்த இடத்தில் தோல் வெளுக்கத் தொடங்கினால் ஸ்டிக்கர் பொட்டை உடனே நிறுத்துங்கள். பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நிறமிச் செல்களை அழிக்கக்கூடியது. தோல் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான பிரச்சினை அது.

ஒவ்வாமைக்கு வேறு சோதனை. முழங்கையின் உட்புறம் ஒரே இடத்தில் தினம் இரண்டு முறை, ஒரு வாரம்; முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவ வேண்டும். சிவப்பு, அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை வாய்ப்புக் குறைவு) என்ற அச்சை நம்பி இதைத் தவிர்க்க வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே அந்தச் சொல்லுக்கு வரையறை எதுவும் வைத்திருக்கவில்லை. ‘அன்சென்டட்’ (வாசனை தெரியாதது) என்றாலும் மூல வாசனையை மறைக்க ஏதாவது சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ (வாசனைப் பொருள் சேர்க்காதது) என்பதைத்தான் தேட வேண்டும்.

யாருக்கு எது

தினமும் சன்ஸ்கிரீனும் பவுடரும் போடும் கல்லூரி மாணவிக்குக் கிளென்சர் ஒன்று போதும். அதோடு காஜலும் போட்டால் இரண்டடுக்குத் திரவம் ஒரு சின்ன புட்டி.

பருவுக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு பூசுபவர்களும் ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை எடுப்பவர்களும் பஞ்சையும் துணியையும் கூடியவரை குறைக்க வேண்டும். தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும். அவர்களுக்கு நன்றாகக் கழுவிப்போகும் கிளென்சிங் ஆயிலும் மென்மையான கிளென்சரும்தான் சரி. எண்ணெய் என்றாலே பரு என்று பயந்து மைசெல்லரை அழுத்தித் தேய்ப்பதைவிட இது பாதுகாப்பானது.

கல்யாண மேக்கப், பரதநாட்டிய மேக்கப் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. ஈரப் பஞ்சில் தொட்டுப் பூசும் பேன்கேக், மேடையில் எவ்வளவு கனமாகத் தெரிந்தாலும், தண்ணீருக்கு ஓரளவு இளகும். உலர்ந்த முகத்தில் கிளென்சர் இரண்டு முறை போட்டால் பெரும்பகுதி போய்விடும். கிரீஸ் வகை பெயின்ட் ஸ்டிக்கும் கல்யாணத்துக்குப் போடும் நீண்ட நேர ஃபவுண்டேஷனும் அப்படியல்ல. அவற்றுக்குப் பாம்தான், அதுவும் இரண்டு சுற்று. முதல் சுற்றைக் கழுவாமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, புதிதாக இன்னொரு சுண்டைக்காய் அளவு. அலங்காரத்தைக் கலைக்கும்போது ஹேர்ஸ்பிரே படிந்த மயிர்க்கோட்டையும் கழுத்தையும் காதுமடலையும் மறந்துவிடுகிறோம். மறுநாள் தலையணை உறையில் தெரியும்.

தண்ணீரும் கணக்கும்

சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகும்; முகத்தில் ஒருவித மெழுகுத்தன்மை தங்கும். கிளென்சர்கள் சோப்பு அல்ல என்பதால் அந்தப் படிவு வராது. கடினத் தண்ணீர் ஊர்க்காரர்கள் சோப்பை விட்டுக் கிளென்சருக்கு மாற இது ஒன்றே போதுமான காரணம். சுடுதண்ணீர் வேண்டாம், கைக்கு இதமான சூடு போதும், அதற்கு மேல் போனால் தோலின் கொழுப்பும் போகும்.

விலையைப் புட்டியின் மேல் பார்த்தால் பாம்தான் அதிகம். ஓர் இரவுக்குக் கணக்குப் போட்டால் படம் மாறும். கிளென்சரை மட்டும் வைத்து மேக்கப் கலைத்தால் 5 மி.லி.யும் இரண்டாம் கழுவலுக்கு 2.5 மி.லி.யும் ஆக 7.5 மி.லி. போகும், 125 மி.லி. புட்டி பதினாறு, பதினேழு இரவில் காலி. பாம் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 2 கிராம். 100 கிராம் டப்பா 50 இரவு வரும். அதன்பின் கழுவ 2.5 மி.லி. மட்டும் போதும் என்பதால் அதே 125 மி.லி. கிளென்சரும் 50 இரவு வரும். மைசெல்லர் 400 மி.லி. புட்டி, இரவுக்கு 9 மி.லி. வீதம் 44 இரவு; ஆனால் மூன்று காட்டன் பேட் வீதம் 130-க்கும் மேல் பேட் வாங்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் முழு மேக்கப் போடுகிறவருக்கு, கிளென்சரை மட்டும் நம்புவது மென்மையான வழி மட்டுமல்ல, பல நேரம் செலவான வழியும்கூட.

பாம் டப்பாவில் ஈர விரலை விடாதீர்கள். கூட வரும் சின்னக் கரண்டியால் எடுங்கள். மூடி திறந்த டப்பாப் படத்துக்குள் ‘12எம்’ என்று போட்டிருந்தால் திறந்தபின் 12 மாதம் என்று பொருள். திறந்த தேதியை அடியில் எழுதி வையுங்கள். நம் வெயில் காலத்தில் பாம் உருகித் திரும்ப உறைந்தால் மணல் மணலாகலாம், வேலைக்குக் குறைவில்லை. நிறமோ வாடையோ மாறினால்தான் தூக்கிப்போட வேண்டும்.

புதிய கிளென்சரை முதலில் போடும்போது லேசாகக் கூச்சம் தெரிந்தால், வேறு எதையும் புதிதாகச் சேர்க்காமல் இரண்டு நாள் பாருங்கள். எரிச்சல் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, இமை வீங்கினாலோ, தோல் செதில் விட்டாலோ அதோடு நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும் மட்டும் ஒரு வாரம். அதற்குள் அடங்காவிட்டால், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கப் புட்டியில் உள்ள சேர்மானப் பட்டியல் அவருக்கு வேண்டும்.